சீட்டு இல்லாத பாட்டில்

ஆசிரியருக்கு,

சுற்றுச்சூழலுக்காக மாணவர்கள் குரல் கொடுத்தால், ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. 2019-ல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் 27 பேர், பருவநிலை மாற்றம் குறித்துச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும்படி அரசுகளை வற்புறுத்தத் தொடங்கினார்கள். அங்குள்ள தீவு நாடான வனுவாட்டின் அரசு அதைக் கையிலெடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கருத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23-ல் நீதிமன்றம் கருத்துரைத்தது. சட்டப் படிப்புக்கு இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு உண்டா?

வேதியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் மாணவர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆற்றில் ஆலைக்கழிவு கலக்கிறதென்று, கலங்கிய நீரைப் பாட்டிலில் பிடித்து அதிகாரியின் மேசையில் வைத்தார்கள் சிலர். எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தது என்ற சீட்டு அதில் இல்லை. அவர் ஓரமாகத் தள்ளிவிட்டார். தள்ளாமல் என்ன செய்வார்? ஆற்றின் ஓட்டத்தில் கழிவு கலக்கும் இடத்துக்கு முன்னே ஒரு மாதிரி, அதைத் தாண்டி ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். முழக்கம் எழுதும் அதே பேனாவால் தேதியையும் எழுதலாமே. இதைக் கற்றுத் தராத கல்லூரிகள், போராடும் மாணவர்களுக்கு மட்டும் தவறாமல் நோட்டீஸ் அனுப்புகின்றன.

— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்