சாட்சியப் பதிவுத் திட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

2022 ஜூலையில் இலங்கை ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டுத் தப்பி மாலைதீவு வழியாகச் சிங்கப்பூரில் போய் இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் இறங்கிப் பத்து நாளுக்குள், தென்னாபிரிக்காவைத் தளமாகக் கொண்ட ஒரு மனித உரிமை அமைப்பு 63 பக்க முறைப்பாட்டைச் சிங்கப்பூர்ச் சட்டமா அதிபரிடம் கொடுத்தது. 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது நடந்த போர்க்குற்றங்களுக்காக அவரைக் கைதுசெய்ய வேண்டும் என்பது கோரிக்கை. சிங்கப்பூர் கைதுசெய்யவில்லை. ஓகஸ்டில் அவர் தாய்லாந்துக்குப் பறந்துவிட்டார். ஆனாலும் பாருங்கள், இப்படியொரு முறைப்பாட்டைப் பத்து நாளில் வெறுங்கையோடு எழுத முடியாது. பல வருடமாகச் சேர்த்து வைத்த சாட்சியங்கள் தயாராக இருந்தபடியால்தான் அது முடிந்தது.

பிரித்தானியாவில் இருக்கும் சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பதிந்துவைக்கும் அந்தத் தயார்நிலைக்குத்தான் இப்போது உங்களிடம் பணம் கேட்கிறோம்.

ஊரில் வழக்குப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஒரேயொரு இராணுவத்தினருக்குத் தண்டனை கிடைக்கவே 2015 ஆனது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய அவருக்கும் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். சிப்பாய்க்கே இந்த நிலை என்றால் கட்டளையிட்டவர்களை யார் கேட்பது? சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஆகவே அந்த நீதிமன்றத்துக்குப் போக ஐ.நா. பாதுகாப்புச் சபை மனம் வைக்க வேண்டும். அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. மிஞ்சுவது, எங்கே நடந்தாலும் இவ்வகைக் குற்றங்களை விசாரிக்கக்கூடிய வேற்று நாட்டு நீதிமன்றங்கள். பதவியில் இருக்கும்வரை நாட்டுத் தலைவர்களுக்கு அங்கே விலக்குரிமை உண்டு. பதவி போனபின் அந்தக் கவசம் இவ்வகைக் குற்றங்களுக்கு முழுதாக நிற்பதில்லை. 1998இல் லண்டனில் கைதான சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசேயின் வழக்கில் அது தெளிவானது.

எங்களுக்கு வழிகாட்டி ஆபிரிக்காவின் சாட் நாட்டு வழக்கு. அங்கே 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹப்ரேயின் சிறையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தவர் சுலேமான் கெங்கெங். தொழிலால் கணக்காளர். வெளியே வந்ததும் தோழர்களோடு சேர்ந்து 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். மிரட்டல் வந்தபோது கடதாசிகளை ஒளித்து வைத்தார். அவை பின்னால் சட்டத்தரணிகளின் கைக்குப் போய், 2000ஆம் ஆண்டு செனகலில் வழக்காயின. அப்புறம் இழுபறிதான். 2013இல் கைது, 2016 மே 30இல் ஆயுள் தண்டனை. நட்டஈடு சரியாக வந்து சேராதது வேறு கதை. ஆனால் முன்னாள் அதிபர் சிறைத்தண்டனையில் இருக்கும்போதே 2021இல் இறந்தார். ஆட்சி போய் இருபத்தைந்து வருடம் கழித்தும் வழக்கு நின்றது என்றால், அந்தக் கடதாசிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

நம்மிடம் உள்ள சிக்கல் வயது. 2009இல் போர் முடிவில் வட்டுவாகலில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோய்விட்டார்கள். பிரித்தானியாவில் இருக்கும் நேரடிச் சாட்சிகளும் இளமையாகிக்கொண்டு வரவில்லை.

செலவு எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறோம். இங்கே ஒரு சொலிசிட்டர் முன் சத்தியக்கடதாசியில் கையொப்பமிடச் சட்டப்படி 5 பவுண்தான். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 2 பவுண். பணத்தைத் தின்பது மொழிபெயர்ப்பு. வாக்குமூலத்தைச் சாட்சியின் சொந்தத் தமிழிலேயே எழுதி, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் உறுதிப்படுத்திய ஆங்கிலப் பிரதியை அதோடு சேர்க்க வேண்டும். அடுத்த பெரிய செலவு, பயிற்சி பெற்ற சட்டத்தரணியின் நேரம். ஒரே ஆளை நாலு இடத்தில் நாலு பேர் விசாரித்தால், சொல்வதில் வரும் சின்ன வித்தியாசத்தையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். சாட்சிக்கும் அது பெரிய வேதனை. அதனால் குழு உறுப்பினர் யாரும் கதை கேட்கப் போவதில்லை; பதிவது சட்டத்தரணி மட்டுமே. மண்டபம், சாப்பாடு, பொன்னாடை எதற்கும் இந்தப் பணம் போகாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2015இல் வந்த ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலக அறிக்கை, அரச படைகளின் குற்றங்களோடு புலிகள் செய்த கட்டாய ஆட்சேர்ப்பையும், மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் பதிந்திருக்கிறது. எங்களிடம் வந்து அதைச் சொல்பவர்களையும் திருப்பி அனுப்ப மாட்டோம். இதனால் சிலர் பணம் தரத் தயங்கலாம், சரி. ஒரு பக்கத்தை மறைத்த கோப்பை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

மாதம் 10 பவுண் வங்கி நிலையான கட்டளையாக (standing order) தந்தால் எங்களுக்குத் திட்டமிட வசதி. ஒருமுறை தருவதும் உதவியே. வங்கி விவரம் இணைத்துள்ள படிவத்தில் இருக்கிறது. கொடுப்பவர் பெயரை வெளியிட மாட்டோம். ஊரில் உறவுகள் இருப்பது எங்களுக்கும் தெரியும். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு வரும்.

பணம் முடியாதவர்கள் வீட்டில் 2009 காலத்துக் கைத்தொலைபேசியோ மெமரி கார்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவு அதில் அழிந்துபோகும். பொருளை அப்படியே வைத்துக்கொண்டு, படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சாட்சியப் பதிவுக் குழுவினர்