மகளே, பிடித்துப் பார்த்துக் கத்தியை வாங்கு

புதுச்சேரி,
ஆகஸ்ட் 18.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். காட்டுப்பன்றியைச் சுட்ட பிறகு குடல் எடுக்க எந்தக் கத்தி வாங்குவது என்று நீ போனில் கேட்டாயே, அதற்குப் பதில் பேச்சில் அடங்காது. எழுதி அனுப்பினால் நீயும் மாப்பிள்ளையும் கடையில் நின்றபடியே எடுத்துப் படித்துப் பார்க்கலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

பிரான்சில் வேட்டை உரிமத் தேர்வில் நீ தேறிய செய்தியைச் சொன்னதும் உன் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பெண் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று இன்னும் முணுமுணுக்கிறாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. துப்பாக்கியை எப்படித் தூக்குவது, எப்போது சுடக்கூடாது என்பதையெல்லாம் அங்கே முறையாகச் சொல்லிக் கொடுத்துத்தான் உரிமம் தருகிறார்கள். சுட்ட பிறகு என்ன செய்வாய் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் கறியைக் கெட விடுவது பாவம். பெரிய மார்க்கெட்டில் கறிக்கடை வைத்துச் சோறு தின்ற குடும்பம் நம்முடையது. இதை நான் சொல்லாமல் வேறு யார் உனக்குச் சொல்வது?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் ஊர்ப்பக்கம் வேட்டைக்கு இடமில்லை. ஆகவே என் கைப்பழக்கம் எல்லாம் ஆட்டிலிருந்து வந்தது. ஆனாலும் குடல் எங்கே கிடக்கிறது, எந்த வெட்டு தவறினால் கறி நாறும் என்பதில் ஆட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இடம்தான் வேறு. கடையில் ஆடு கொக்கியில் தொங்குகிறது, ரத்தம் வடிந்திருக்கிறது, பக்கத்தில் தண்ணீரும் தலைக்குமேல் விளக்கும் இருக்கின்றன. நீயோ ஈரச் சருகின்மேல், சரிவான காட்டில், குளிரில் விரல் மரத்த நிலையில், மங்கும் வெளிச்சத்தில் குனிந்து நிற்பாய். பன்றி தடித்த தோலும் கொழுப்பும் உள்ள பிராணி. செத்த பிறகும் உடம்புச் சூடு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும். சூடு நிற்க நிற்கக் குடலில் இருக்கும் கிருமி பெருகும். அதனால் குடலைச் சீக்கிரம் எடுத்து, உடம்பைத் திறந்து, ஆறவிட வேண்டும். கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு வேலையை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

கடைக் கண்ணாடிப் பெட்டியில் முதலில் உன் கண்ணில் படுவது மான்கொம்புப் பிடி போட்ட நீண்ட வேட்டைக் குத்துவாளாக இருக்கும். அழகாகத்தான் இருக்கும். அடிபட்டுக் கிடக்கும் பன்றியை நெருங்கி அதன் துன்பத்தை முடிப்பதற்காகச் செய்தது அது. குடல் எடுக்க அது உதவாது. உனக்கு வேண்டியது எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் அலகுள்ள சின்னக் கத்தி. ‘அவ்வளவு பெரிய பன்றிக்கு இவ்வளவு சின்னக் கத்தியா?’ என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நம் கடையில் வெட்டுக்கத்தி எலும்புக்கு மட்டும்தான். ஆட்டின் வயிற்றைத் திறக்க உன் தாத்தா எடுத்ததும் நான் எடுப்பதும் ஆள்காட்டி விரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலான கத்தியைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கிச் சின்னதாக ஒரு வாய் திறக்க வேண்டும். அந்த வாய்க்குள் இடது கையின் இரண்டு விரலை விட்டு, தோலையும் சதையையும் குடலிலிருந்து மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கத்தியின் கூர் வானத்தைப் பார்க்கட்டும், முதுகு குடல் பக்கம் இருக்கட்டும். இரண்டு விரலுக்கு நடுவே முனையை வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால், வயிறு உள்ளிருந்து வெளியே திறந்துகொண்டு வரும். இப்படிச் செய்வதால் மயிர் வெட்டுப்பட்டுக் கறியில் ஒட்டாது, கூரும் மழுங்காது. கத்தி நீளமாக இருந்தால் முனை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. குடலோ இரைப்பையோ ஓர் ஊசித் துளை அளவுக்குக் கிழிந்தாலும் உள்ளே இருப்பது கறியின்மேல் வழியும். மூத்திரப்பையும் அப்படியே. பின்பக்கம் குதத்தைச் சுற்றி அறுத்துக் குடலின் கடைசி நுனியை விடுவிக்கும்போது, கண்ணை நம்பாமல் விரலை நம்பி வேலை செய்ய வேண்டியிருக்கும். அங்கே பத்து சென்டிமீட்டரே அதிகம்.

பித்தப்பையையும் கவனி. ஆட்டுக்கு இருப்பதுபோல் பன்றிக்கும் ஈரலோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. உடைந்தால் ஈரல் கசந்துபோகும். நீ மான் சுடும் நாள் வந்தால் அங்கே அதைத் தேடாதே. மான் இனத்துக்குப் பித்தப்பை கிடையாது.

இதனால்தான் முனையின் வடிவத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். முதுகு மெல்ல இறங்கி வந்து முனையைச் சேரும் வடிவமாகப் பார்த்து எடு. அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் என்ற கத்திக் கலைஞர் இந்த வடிவத்தை வேட்டைக்காரர்களிடையே பரப்பினார். முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்காததால் குடலில் எளிதாகக் குத்தாது. முனைக்கு அருகே முதுகை வெட்டியெடுத்து மெலிதாக்கிய இன்னொரு வடிவம் உண்டு. 1964இல் வந்த பக் 110 என்ற மடக்குக் கத்தி அந்த வகை. அதன் முனை குத்துவதற்கு நல்லது, வயிறு திறக்கும்போது ஆபத்தானது. முதுகில் கொக்கி வைத்த கத்தியும் காட்டுவார்கள். கொக்கியால் வயிற்றை இழுத்துத் திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மயிரும் கொழுப்பும் அதில் அடைத்துக்கொள்ளும்; உள்வளைவைத் தீட்டுவதும் கடினம். விரல் இரண்டு இருக்கும்போது உனக்குக் கொக்கி வேண்டாம்.

மாப்பிள்ளை சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒப்பினெல் என்ற மடக்குக் கத்தி எனக்கு மிகவும் பிடித்தது. 1890 முதல் அதே எளிமை. ரொட்டி வெட்டட்டும், காளான் எடுக்கட்டும், இந்த வேலைக்கு மட்டும் வேண்டாம். மடக்குக் கத்தி எதுவானாலும் பிடியின் பள்ளத்துக்குள் ரத்தமும் கொழுப்பும் போய்த் தங்கும். கழுவி எடுக்க முடியாது. மரப்பிடியும் ஈரத்தில் ஊதும். மடங்காத கத்தியே வாங்கு. அலகின் வால், அதாவது பிடிக்குள் நுழையும் இரும்பு, கடைசிவரை ஓடுகிறதா என்று கேள்.

இரும்பைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். நம் பட்டறைக் கத்தி போன்ற கரி எஃகு நன்றாகத் தீட்டு ஏறும், ஆனால் ரத்தம் பட்ட இரவே துரு பிடிக்கும். ஈரமான ஊரில் இருக்கும் உனக்குத் துருப்பிடிக்காத வகையே சரி. ஸ்வீடன் எஃகு 12சி27 அல்லது 14சி28என் என்று அலகில் எழுதியிருந்தால் தயங்காமல் எடு. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 58ஐ ஒட்டி இருந்தால் போதும், காட்டிலேயே சின்னக் கல்லில் தீட்டிவிடலாம்.

பிடிதான் முக்கியம். கை வழுக்கிக் கூரின்மேல் ஓடி விரல் நரம்பை அறுத்துக்கொண்டவர்களை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தமும் கொழுப்பும் பட்டால் பளபளப்பான கொம்புப் பிடி வழுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான ரப்பர் அல்லது செயற்கைப் பிடியாக, விரல் முன்னே போகாமல் தடுக்கும் மேடு உள்ளதாகப் பார். நிறம் ஆரஞ்சாக இருந்தால் நல்லது; சருகில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும். உன் கை சின்னது, அம்மாவின் கை. ஆண்களுக்காகச் செய்த தடித்த பிடியை வாங்கிக்கொண்டு வராதே.

ஆகவே இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்காதே. கிளேர்மோன்-ஃபெரானில் இருந்துகொண்டு, கத்தித் தொழிலுக்குப் பெயர்போன தியேர் ஊருக்குப் போகாமல் கத்தி வாங்குவது நியாயமே இல்லை. நான் அங்கே வந்திருந்தபோது நீதானே கத்தி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாய்! துரோல் ஆற்றுத் தண்ணீரில் சுழன்ற சாணைக்கல்லின்மேல் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு மனிதர்கள் கத்தி தீட்டியதையும், குளிருக்காகக் கால்மேல் நாயைப் படுக்கவைத்துக்கொண்டதையும் நான் இன்னும் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊருக்குப் போ. குளிருக்குப் போடும் கையுறையையும், வேலைக்குப் போடும் மெல்லிய ரப்பர் கையுறையையும் கொண்டுபோய், இரண்டையும் மாட்டிக்கொண்டு பிடித்துப் பார். கூர் மேலே பார்க்கும்படி திருப்பிப் பிடித்துப் பார். பாதிக் கத்திகள் அப்போதே தேறாமல் போய்விடும்.

நெஞ்செலும்பைப் பிளக்க இந்தக் கத்தியை நெம்பாதே. அதற்குச் சின்ன ரம்பம் ஒன்று வாங்கிக்கொள். தோலுக்கு ஒரு கத்தி, கறிக்கு ஒரு கத்தி என்று இரண்டு வைத்துக்கொண்டால் இன்னும் சுத்தம். ஐரோப்பாவில் கறிக்காக விலங்கு அறுக்கும் கூடங்களில் கருவிகளை 82 டிகிரிக்குக் குறையாத வெந்நீரிலோ அதற்கு ஈடான வேறு முறையிலோ சுத்தம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நீயும் அதைக் கடைப்பிடி. கையுறை இல்லாமல் வயிற்றுக்குள் கை விடாதே. பன்றிக் கறியில் ட்ரிக்கினெல்லா என்ற புழு இருக்கக்கூடும்; உறைபெட்டியில் வைத்ததால் செத்துவிட்டது என்று நம்ப முடியாது, உள்ளே 71 டிகிரி ஏறும்வரை வேகவேண்டும். நாய்களுக்குப் பச்சைக் குடலையோ ஈரலையோ போடவிடாதே, பன்றியிடமிருந்து ஒட்டும் ஒரு நோய் நாயைக் கொன்றுவிடும்.

வேட்டை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து வீட்டில் வை. காரணம் இல்லாமல் கத்தியோடு ஊருக்குள் திரிவது அங்கே குற்றம். காரின் கதவுப் பையில் மறந்து வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகாதே.

செப்டம்பரில் பருவம் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடு. வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே கடை கட்டிய பிறகு, வீடியோவில் கூப்பிடு. தட்டில் ஒரு முழுக்கோழியை வைத்துக்கொள். விரலை உள்ளே விட்டு, கூரை மேலே வைத்து எப்படித் திறக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன்
அப்பா