மேற்குப் பார்த்த மேடை

மதிப்பிற்குரிய ஹால் டல்சின் அவர்களுக்கு,

2017இல் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேற்றிரவு, ஓர் இசை விழாவில் நீங்கள் படம்பிடித்த காட்சிகளை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். நன்றி சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

1969 கோடையில் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில், மவுண்ட் மோரிஸ் பூங்காவில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கச்சேரி நடந்தது. டிக்கெட் கிடையாது. மொத்தம் மூன்று லட்சம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். இனவெறிக்கு எதிராக 1960இலேயே ஒரு முழு ஜாஸ் இசைத்தட்டைப் பதிவு செய்த டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சும் பாடகி அப்பி லிங்கனும் வந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் டிரம்ஸ் வாசித்தார். விளக்குகளுக்குப் பணம் இல்லாததால் மேடையை மேற்குப் பார்த்து அமைத்துச் சூரியனையே விளக்காக்கிக்கொண்டீர்கள். அந்த மஞ்சள் வெயில் இன்றும் அப்படியே இருக்கிறது, ஐயா.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் மனிதன் நிலவில் இறங்கினான். பூங்காவில் இருந்தவர்களிடம் ஒரு செய்தியாளர் அதைப் பற்றிக் கேட்டார். அந்தப் பணத்தில் ஹார்லெமின் பசியைத் தீர்த்திருக்கலாமே என்றார்கள். எவ்வளவு நியாயமான பதில்!

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பக்திப் பாடகிகள் மஹாலியா ஜாக்சனும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் சேர்ந்து பாடும் இடத்தை. முந்தைய ஆண்டு ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் விடுதியின் மாடி முகப்பில் நின்றுகொண்டு, இரவுக் கூட்டத்தில் ஒரு பக்திப் பாடலை வாசிக்கும்படி பென் பிராஞ்ச் என்ற சாக்ஸபோன் கலைஞரிடம் கேட்டார் மார்ட்டின் லூதர் கிங். சற்று நேரத்தில் குண்டு பாய்ந்தது. அதே பாடலைத்தான் இந்த மேடையில் இருவரும் பாடுகிறார்கள். மஹாலியாவுக்கு அன்று உடல்நலம் சரியில்லை. நீ தொடங்கு என்று மேவிஸிடம் சொல்கிறார். இளையவர் தொடங்குகிறார். பிறகு மூத்தவர் எழுந்து வருகிறார். ஒரே ஒலிவாங்கி, இரண்டு குரல்கள். அது பாட்டா, ஒப்பாரியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊர்களில் துக்க வீட்டுப் பெண்கள் ஒருவர் விட்ட அடியை இன்னொருவர் எடுப்பதைக் கேட்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுமார் நாற்பது மணி நேரம் பதிவு செய்தீர்கள். முழுப் படமாக வாங்க ஆளில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் நூறு மைல் தொலைவில் நடந்த உட்ஸ்டாக் ராக் இசை விழா உலகப் புகழ் பெற்றது. உங்கள் நாடாக்களோ ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வீட்டின் நிலவறையில் கிடந்தன. இதை மறதி என்று நான் சொல்லமாட்டேன். கறுப்பின மக்கள் மகிழ்ந்து பாடியதை முழுப் படமாகக் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. அதனால்தான் 2021இல் குவெஸ்ட்லவ் என்ற இசைக் கலைஞர் அவற்றைத் திரைப்படமாக்க முடிந்தது. சிறுவனாக அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர், தான் கண்டது நிஜம்தானா என்று பல ஆண்டுகள் ஐயப்பட்டவர், அந்தக் காட்சிகளைப் பார்த்து அழுகிறார்.

அந்தப் பூங்காவுக்கு இப்போது கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் பெயர். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பெயரிலான ஜாஸ் விழா கோடையில் அங்கே இலவசமாகவே நடந்துவருகிறது. ஒருநாள் போகப்போகிறேன். மாலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்து முகத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் காட்சிகளால் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருத்தி