பெரிய வெள்ளியும் இஷ்தாரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஈஸ்டரின் பூர்வீகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாபிலோனியத் தெய்வமான இஷ்தாரின் பெயர்தான் திரிந்து ஈஸ்டர் ஆயிற்றாம். முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்களாம். சாட்சிக்கு ஒரு படமும் போட்டிருந்தீர்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் சுடுமண் பலகை அது. அதில் இருப்பவள் இஷ்தார்தானா என்பதிலேயே அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. அது போகட்டும். சிறகோடு நிற்கும் அந்தப் பெண்ணின் காலடியில் இரண்டு சிங்கங்கள், இரு பக்கமும் ஆந்தைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முயலையும் காணோம், முட்டையையும் காணோம்.

இந்தக் கதையைப் பரப்பியவர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டண்ட் பாதிரியார். 1853-ல் சிறு பிரசுரமாகவும் 1858-ல் விரித்துப் புத்தகமாகவும் போட்டார். கத்தோலிக்கரின் வழிபாடு முழுக்கப் பாபிலோனிலிருந்து வந்தது என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். சபைச் சண்டையில் ஒரு பாதிரியார் வீசிய கல்லை, மதத்தை விமர்சிக்க வந்த கட்டுரையாளர் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

பெயருக்கு வருவோம். ஈஸ்டர் என்பது ஆங்கிலத்தில். அதற்கு உறவான சொல் ஜெர்மனில். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது பாஸ்கா, ஸ்பானிய மொழியில் பாஸ்குவா. எல்லாம் யூதரின் பெசாக் பண்டிகையிலிருந்து வந்தவை. அப்போஸ்தலர் நடபடிகள் 12-ம் அதிகாரத்தில் 1611-ம் ஆண்டு ஆங்கில பைபிள் ஈஸ்டர் என்று எழுதிய இடத்தில், நம் தமிழ் வேதாகமம் பஸ்கா என்று சரியாகவே சொல்கிறது. ஈஸ்டர் பண்டிகையை யூதர்களின் நிசான் மாதம் 14-ம் நாளில் கொண்டாடுவதா, ஞாயிறன்று கொண்டாடுவதா என்று பேச, இன்றைய துருக்கியிலுள்ள சிமிர்னா நகரின் ஆயர் பொலிகார்ப் ரோமுக்குப் போனது கிட்டத்தட்ட 155-ல். ஆங்கிலம் என்ற மொழியே அப்போது பிறக்கவில்லை.

கட்டுரையாளர் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. அதை அவர்தான் விட்டுவிட்டார். 725-ல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ஈஸ்த்ரே என்ற தெய்வத்தின் பெயரால் அழைத்தார்கள், அவளுக்கு விழாவும் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அவளைப் பற்றிப் பழைய எழுத்துச் சான்று இந்த ஒன்றுதான். 1958-ல் ஜெர்மனியில் கிடைத்த ரோமானியர் காலக் கல்வெட்டுகளில் ஏறக்குறைய இதே வேர்ச்சொல்லில் தாய்த் தெய்வங்களின் பெயர் இருப்பதால், பீட் சொன்னதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. ஆனால் முயலைப் பற்றி அவரும் மூச்சு விடவில்லை. மாதத்தின் பெயர் அதில் வந்த பண்டிகைக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடி என்பதால் துணிக்கடை அம்மன் கோயில் ஆகிவிடுமா?

முட்டைக்குத் தெய்வம் எதுவும் தேவையில்லை. இடைக்கால ஐரோப்பாவில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு ஏது நோன்பு? நாற்பது நாள் சேர்ந்தது பண்டிகையன்று செலவாயிற்று. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290-ம் ஆண்டு அரண்மனைக் கணக்கில் ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்கிய செலவு இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தபசு காலத்தில் அம்மா முட்டையைத் தொடமாட்டார். கோழி இட்டதையெல்லாம் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். உயிர்ப்புத் திருநாள் காலை பூசை முடிந்து வந்தால் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை. ஒன்றிரண்டு கூமுட்டையாகிப் போயிருக்கும். அதற்கும் எங்களுக்குள் சண்டை நடக்கும். இஷ்தாரை அம்மா கேள்விப்பட்டதே இல்லை. முட்டையிடும் முயல் கதை வேறு. 1682-ல் ஒரு ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்த நாட்டுப்புற வழக்கம் அது. எங்கள் ஊருக்கு அந்த முயல் வந்ததே சாக்லேட் உருவத்தில், சமீபத்தில்தான்.

பெயரை வைத்தே பூர்வீகம் பார்ப்பதென்றால் கட்டுரையாளருக்கு நானும் ஒரு துப்பு தருகிறேன். பாபிலோனியர் இஷ்தாராகக் கும்பிட்டது வானத்து வெள்ளியை. இயேசு இறந்த நாளைத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அழைப்பது பெரிய வெள்ளி என்று. அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை