பேஸ்பால் நடுவர் பயிற்சி மதுரையில் நடக்குமா?

ஐயா,

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 11 வருடமாகப் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராகவும் நிற்கிறேன். சென்ற மாதம் மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறி, சென்னையில் இரண்டு நாள் நடுவர் பயிற்சி முகாமுக்குப் போய் வந்தேன்.

இத்தனை நாளும் நான் நின்ற இடமே தப்பு என்று அங்கேதான் தெரிந்தது. மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு நேர் பின்னால் நிற்பது என் வழக்கம். மட்டையாளருக்கும் கேட்சருக்கும் நடுவிலுள்ள சந்தில் நின்றால்தான் மட்டையாளர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் 17 அங்குல அகலத் தகடான ஹோம் பிளேட் சரியாகக் கண்ணில் படுகிறது. பந்து கையுறைக்குள் போய்ச் சேரும்வரை தலையை அசைக்காமல் பார்த்துவிட்டு, ஒரு கணம் பொறுத்துத்தான் 'ஸ்ட்ரைக்' (அடிக்கக்கூடிய சரியான பந்து) என்று சொல்ல வேண்டுமாம். நானோ பந்து பாதி வழியில் வரும்போதே கத்திவிடுவேன்! பந்தை அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸில், நடுவரின் கண் ஓடிவருபவரின் காலில் இருக்க வேண்டும்; பந்து கையுறையில் விழுவதைக் காது சொல்லிவிடும். என்னிடம் அவுட் வாங்கி அழுதுகொண்டே போன பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் கைக்காசு. அதை விடுங்கள், எத்தனை ஆசிரியர்கள் விடுப்புப் போட்டுச் சென்னைக்குப் போக முடியும்? கோடை விடுமுறையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலேயே இப்படியொரு முகாம் நடத்த விளையாட்டுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலத்துக்காரர்கள் காலையில் கிளம்பி வந்துவிடலாம்.

– உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், மேலூர்