முதலில் விலாசம், மற்றதெல்லாம் அப்புறம்

ஸ்டுட்கார்ட்
20.7.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டியிருக்கலாம், ஆனால் உன் மகள் பாப்பாவின் படிப்பு விஷயத்தை அப்படி எழுத மனசு வரவில்லை. நாளைக்கு அவளே எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு இங்கே ஜெர்மனியில், கெம்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நல்ல ஊர், வாடகை குறைவு. சாக்சனி மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. இங்கே எங்கள் மாநிலத்தில் என்றால் நம் பிள்ளைகளிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், 2017 முதல்.

விசாவுக்காகப் பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்ட் பற்றித்தான் நீ ரொம்பக் குழம்பியிருக்கிறாய். 11,904 யூரோவை, அதாவது கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாயை, எதற்கு முடக்கிவைக்க வேண்டும், யாருக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறாய். யாருக்கும் போகாது, அவள் பணம் அவளுக்கே வரும். ஹாஸ்டலில் மாதம் பிறந்தால் உன் அப்பா அனுப்பும் மணியார்டருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாயே, அதே கதைதான். ஒரு வருஷத்து மணியார்டரை முன்கூட்டியே போட்டுவிடுகிறோம், மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்குத் திரும்பி வரும். இங்குள்ள மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையின் உச்சவரம்பை வைத்து இந்தத் தொகையை முடிவு செய்கிறார்கள், அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை ஏறும். கல்விக் கடனிலிருந்து நேராக அனுப்பினால் டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, பிடிக்க மாட்டார்கள். கைப்பணம் என்றால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு சிறு சதவீதம் பிடிப்பார்கள். வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வரி பிடித்த சான்றை மட்டும் பத்திரப்படுத்து.

அவள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்லது. 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பம் நகராது. என் அக்கா மகனுக்கு அதற்கு மட்டும் 18,000 ரூபாய் கட்டினோம், வருவதற்குள் அக்கா பாதி ஆகிவிட்டாள்.

விசா விண்ணப்பத்தை இப்போது ஆன்லைனிலேயே ஏற்றிவிடலாம். காகிதங்களைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சென்னைக்குக் கூப்பிடுவார்கள், கைரேகை கொடுக்க. பழைய நினைப்பில் போட் கிளப் ரோடு தூதரக வாசலில் போய் நிற்காதே, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும். எதற்காக இந்தப் படிப்பு, முடித்த பிறகு என்ன செய்யப்போகிறாள் என்று விளக்கும் கடிதத்தை அவளே எழுதட்டும். கன்சல்டன்சிக்காரர் கொடுக்கும் தயார் கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்பாதே, தயவுசெய்து. இந்த ஜூலை 1 முதல் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் விசாவை மறுத்தால் மறுபரிசீலனை செய்யச் சொல்லித் தூதரகத்துக்கே இலவசமாக எழுதலாம். அதை எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அதனால் முதல் தடவையே சுத்தமாகப் போகட்டும்.

சரி, இதுவரை சொன்னதையெல்லாம் நீயே எப்படியும் முடித்துவிடுவாய். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே வேறொன்றுக்காக. பாப்பா எங்கே தங்கப்போகிறாள்? உன் கடிதத்தில் நாலு பக்கம் பணத்தைப் பற்றி இருந்தது. அறையைப் பற்றி ஒரே ஒரு வரி, "போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்." அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும். அது முடிவதற்குள் அவள் இருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இங்கே தங்குவதற்கான ரெசிடென்ஸ் பெர்மிட் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால், குடிபோன இரண்டு வாரத்துக்குள், நகராட்சியில் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் பெர்மிட் இல்லை, வரி எண் இல்லை, பகுதிநேர வேலையும் தள்ளிப்போகும்.

அக்கா மகன் போன அக்டோபரில் வந்தான். இங்கே வந்த பிறகு, ஏதோ ஒரு குழுவில் பார்த்து, 280 யூரோவுக்கு ஒரு அறை பிடித்தான். மலிவு என்று அவனுக்கு ஒரே பெருமை. வாடகையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்த ஆள் சொன்னான், "தங்கலாம், ஆனால் ஆன்மெல்டுங் கிடையாது." அவனே வேறொருவரிடம் வாடகைக்கு இருப்பவன், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அறையை உள்வாடகைக்கு விட்டிருக்கிறான். பையன் என்னிடம் இதைச் சொல்லவே ஒரு மாதம் ஆனது. மாமா திட்டுவாரோ என்ற பயம். டிசம்பரில் மாணவர் விடுதியில் இடம் கிடைத்துப் பதிவு செய்தான், பெர்மிட்டுக்கும் விண்ணப்பித்தான். மார்ச் கடைசியில் விசா முடிகிறது. அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், வரும் என்று காத்திருக்கிறான், வரவே இல்லை.

ஒரு சனிக்கிழமை நானே ரயில் ஏறிப் போனேன். விடுதியின் கீழ்த்தளத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள். இவன் பெட்டி எது என்று கேட்டேன், காட்டினான். அதன் மேல் மங்கிப்போன எழுத்தில் யாரோ பழைய மாணவன் பெயர் ஒட்டியிருந்தது. இந்த ஊரில் தபால்காரர் கதவு எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அலுவலகம் அனுப்பிய அப்பாயிண்ட்மெண்ட் கடிதம் திரும்பிப் போயிருந்தது. வங்கிக் கடிதமும் வந்து சேரவில்லை. என் பையில் இருந்த வெள்ளை டேப்பைக் கிழித்து, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அந்தப் பழைய பெயரின் மேல் ஒட்டினேன். அவன் பக்கத்தில் பேசாமல் நின்றுகொண்டிருந்தான். இத்தனை மாதக் கலக்கத்துக்கும் காரணம் இந்தக் கையளவு டேப்தானா என்று எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

விசா முடியும் முன்பே விண்ணப்பித்திருந்ததால் பிழைத்தான். அப்படி விண்ணப்பித்தவர் முடிவு வரும்வரை சட்டப்படி இங்கே இருக்கலாம், அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் தருவார்கள். அந்தச் சான்று கைக்கு வரும்வரை ஊரில் அக்கா சாமி அறையை விட்டு நகரவில்லை. இப்போது இரண்டு வருஷத்துக்குப் பெர்மிட் கார்டு வந்துவிட்டது, நூறு யூரோ கட்டணம்.

அதனால், மாப்ளே, இன்றைக்கே பாப்பாவை மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல். கெம்னிட்ஸில் பல்கலைக்கழகத்தை ஒட்டியே, ரைஷன்ஹைனர் ஷ்ட்ராஸேயில் விடுதிகள் இருக்கின்றன. அங்கே அந்தக் கையெழுத்துத் தாளுக்குப் பிரச்சினையே வராது. வெளியில் அறை பார்த்தாலும் முதல் கேள்வி "ஆன்மெல்டுங் உண்டா?" என்பதாகவே இருக்கட்டும், வாடகையை அப்புறம் பேசலாம். நேரில் பார்க்காத அறைக்கு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம்.

சில சின்ன விஷயங்களும் உண்டு. பெர்மிட்டுக்கு ஊரிலிருந்து போட்டோ பிரிண்ட் எடுத்து வரவேண்டாம், இந்த மே மாதத்திலிருந்து டிஜிட்டலாக எடுத்ததைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். விமானத்தில் ஏறும் நாள் முதல் பல்கலைக்கழகத்தில் சேரும் நாள்வரை பயணக் காப்பீடு இருக்கட்டும், அப்புறம் மாணவர் கட்டணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கும். வேலை வருஷத்துக்கு 140 முழுநாள் செய்யலாம், பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராக வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. முதல் செமஸ்டரில் வேலையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாஸானதும் வேலை தேட 18 மாதம் கொடுக்கிறார்கள், அதை இப்போது நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பால்கனியில் வைத்த கறிவேப்பிலை மூன்றாவது குளிர்காலத்தையும் தாண்டிவிட்டது, என் மனைவிக்கு அதில் அவ்வளவு பெருமை. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? அவர்கள் ஹாஸ்டலுக்குக் கட்டிக்கொடுத்த எள்ளுப்பொடியை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல். தங்கச்சிக்கும் தைரியம் சொல், பெண் பிள்ளையைத் தனியே அனுப்புகிறோமே என்று அழுகிறாள் என எழுதியிருந்தாய்.

எங்கள் வீட்டிலிருந்து கெம்னிட்ஸ் ரயிலில் அஞ்சாறு மணி நேரம். அவள் வந்திறங்கும் தேதி தெரிந்ததும் லீவு போட்டுவிடுவேன், கூடவே போய் அறையில் விட்டுவிட்டு வருகிறேன். வெள்ளை டேப்பும் மார்க்கரும் நான் கொண்டுவருவேன். பெட்டியில் பெயரை ஒட்டியதும் ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன், பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்