நம் கடையின் கட்டானா வாள்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சுவரில் மாட்டவும் மேடை நாடகத்துக்கும் எங்களிடம் கட்டானா, அதாவது ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய்களின் நீள வாள், வாங்குகிறவர்கள் தவறாமல் கேட்பது, “இது ஒரிஜினலா?” என்றுதான். இல்லை. நாங்கள் விற்பது அலங்கார வாள், கூர் தீட்டாதது.

அசல் கட்டானாவுக்கு தமஹகானே என்ற எஃகு வேண்டும். இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் போட்டு, மூன்று நாள் இரவு பகலாக எரித்து எடுப்பது அது. ஷிமானே மாகாணத்து ஒகுஇசுமோவில் 1977-இல் மீண்டும் மூட்டிய உலை, குளிர்காலத்தில் மட்டும் எரிகிறது. அந்த எஃகை மடித்து மடித்து அடித்து வாளாக நீட்டுவார்கள். பிறகு முதுகில் தடிமனாகவும், வெட்டும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து முறியாத தன்மையோடு நிற்கும். கடினமாகும்போது வாய்ப்பக்க எஃகு சற்று விரிவதால், வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. பேர்பெற்ற அந்த வளைவில் பெரும்பங்கு இப்படித் தண்ணீருக்குள் உண்டாவதுதான்! சில வாள்கள் அங்கேயே விரிசல் விட்டுப் பாழாவதும் உண்டு.

வாயையொட்டித் தெரியும் வெண்மையான அலைக்கோடும் அப்போது பிறப்பதே. எங்கள் வாளில் இருப்பது அமிலத்தால் போட்ட கோடு, பார்வைக்கு மட்டும்.

இன்னொரு வித்தியாசம் பிடிக்குள் இருக்கிறது. அசல் வாளின் அடிப்பகுதி பிடிக்குள் நீளமாக இறங்கும், ஒரு மூங்கில் ஆணி அதைப் பிடித்து நிறுத்தும். எங்களுடையதில் பற்றவைத்த மெல்லிய கம்பிதான். அதனால் தயவுசெய்து வீசிப் பார்க்காதீர்கள், அலகு கழன்று பறக்கலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மாட்டுங்கள். வாய் மேல்நோக்கி இருக்கட்டும். சாமுராய்கள் இடைக்கச்சையில் செருகியதும் அப்படித்தான்.

விலை விஷயம். ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் செய்யக்கூடாது. ஒவ்வொன்றையும் பதிவு செய்யவேண்டும், நாட்டைவிட்டு அனுப்பவும் அரசு அனுமதி வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு “பழைய சாமுராய் வாள்” என்று யாராவது நீட்டினால் நம்பாதீர்கள், எங்கள் கடைப் பையன்கள் சொன்னாலும் சரி.

இயாய்தோ (உறையிலிருந்து வாளை உருவி வீசும் ஜப்பானியக் கலை) பயிற்சிக்கென்று நினைத்து வாங்கியிருந்தால் பில்லோடு கொண்டுவாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். அந்தப் பயிற்சிக்குத் துத்தநாக-அலுமினியக் கலவையில் கூரில்லாத வாள் தனியாக உண்டு. அது எங்களிடம் இல்லை. உங்கள் ஆசிரியரைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்